ஒரு ஷில்லிங் பயணமும் நிலையான வருமானமும்
தாமஸ் குக் நிறுவன வரலாற்றிலிருந்து ஒரு படிப்பினை

நம் ஜமாஅத்தைச் சேர்ந்த குடும்பங்களின் வாழ்வாதாரத்தை எண்ணிப் பார்க்கும்போது ஒரு மாற்றம் தெளிவாகப் புலப்படுகிறது. முந்தைய தலைமுறையில் சரக்கை வாங்கி விற்கும் கடை வணிகமே பெரும்பாலோரின் தொழிலாக இருந்தது. இன்றோ கைத்திறனையும் உழைப்பையும் ஏற்பாட்டுத் திறமையையும் மூலதனமாகக் கொண்ட சேவைத் தொழில்களில் நம்மவர்கள் பலர் ஈடுபட்டுள்ளனர். குளிர்சாதனக் கருவிகளைப் பழுது பார்ப்போர், வாடகை வாகனம் ஓட்டுவோர், விருந்துக்குச் சமைத்துக் கொடுக்கும் பண்டாரிகள், உம்ரா பயணக் குழுக்களை அழைத்துச் செல்வோர் என அப்பட்டியல் நீளும்.

இவர்கள் அனைவரும் கூறும் குறை ஒன்றே. வருமானம் வரும்போது கொட்டுகிறது. வராதபோது அறவே நின்றுவிடுகிறது. கோடையில் உண்ண நேரமில்லாமல் உழைக்கும் குளிர்சாதனப் பணியாளர் மழைக்காலத்தில் கைபேசியைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறார். திருமண மாதங்களில் நான்கு ஊர்களிலிருந்து அழைக்கப்படும் பண்டாரி மற்ற மாதங்களில் கடன் கேட்டு நிற்கிறார். வருமானத்தை உயர்த்துவது ஒரு கவலை. அதை நிலைப்படுத்துவது அதனினும் பெரிய கவலை.

இக்கவலைக்கு விடை தேடிச் சில தொழில் நிறுவனங்களின் வரலாற்றைப் புரட்டியபோது, தாமஸ் குக் என்னும் ஆங்கிலேயரின் நிறுவன வரலாறு நம் கவனத்தை ஈர்த்தது. சொந்தமாக ஓர் இரயிலோ விடுதியோ இல்லாத நிலையில், பிறர் பயணத்தை ஏற்பாடு செய்து தரும் சேவையை மட்டுமே கொண்டு தொடங்கி, 178 ஆண்டுகள் நிலைத்து நின்று, பின்னர் ஒரே நாளில் மூடப்பட்ட நிறுவனம் அது. அதன் வளர்ச்சியிலும் வீழ்ச்சியிலும் நமக்குப் படிப்பினை உண்டு. இடையில் ஹஜ் பயணத்தோடு தொடர்புடைய ஒரு தோல்வியும் உண்டு. அது நம்மில் பலர் அறியாத செய்தி.

கூலிச் சிறுவன் கண்ட வழி

தாமஸ் குக் 1808ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் மெல்போர்ன் என்னும் சிற்றூரில் பிறந்தார். வறுமையின் காரணமாகப் பத்து வயதிலேயே பள்ளியை விட்டுத் தோட்ட வேலைக்குச் சென்றார். பின்னர் மரவேலை கற்றார். சில காலம் ஊர் ஊராகச் சென்று சமயப் பிரசாரம் செய்தார். மதுவிலக்கு இயக்கத்தில் தீவிரமாக ஈடுபட்டார். உழைக்கும் மக்கள் கூலியை மதுக்கடையில் இழப்பதைக் கண்டு மனம் வருந்தியவர் அவர்.

1841ஆம் ஆண்டு கோடையில், மதுவிலக்குக் கூட்டம் ஒன்றில் கலந்துகொள்ள லெஸ்டர் நகருக்கு நடந்து சென்று கொண்டிருந்தபோது அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்த இரயிலை இக்கூட்டங்களுக்குப் பயன்படுத்தினால் என்ன என்பதே அது. இரயில் நிறுவனத்தாரிடம் பேசித் தனி இரயில் ஒன்றை ஏற்பாடு செய்தார். அவ்வாண்டு ஜூலை 5ஆம் நாள் சுமார் 500 பேர் லெஸ்டரிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லஃப்பரோ நகருக்குச் சென்று திரும்பினர். போக வரக் கட்டணம் ஒரு ஷில்லிங் மட்டுமே.

அதன் பின் மூன்று கோடைக்காலங்கள் இத்தகைய பயணங்களை அவர் நடத்தினார். ஆனால் அவற்றைத் தொழிலாகக் கருதவில்லை. அச்சகமும் புத்தக விற்பனையுமே அவருடைய பிழைப்பாக இருந்தன. 1845இல்தான் இலாப நோக்கோடு லிவர்பூல் நகருக்கு ஒரு பயணத்தை ஏற்பாடு செய்தார். அதற்கு முன்பாகத் தாமே அவ்வழியே சென்று, எங்கே தங்கலாம், எதைப் பார்க்கலாம் என ஆராய்ந்து, ஒரு கையேட்டை அச்சிட்டுப் பயணிகளுக்கு வழங்கினார். அழைத்துச் செல்லும் வழியைத் தாம் முதலில் அறிந்திருக்க வேண்டும் என்பது அவர் கடைப்பிடித்த முதல் விதி எனலாம்.

ஆனால் தொடக்கமே வெற்றியாக அமைந்துவிடவில்லை. 1846இல் அவர் நடத்திய ஸ்காட்லாந்துப் பயணத்தில் பயணிகளுக்கு வாக்களித்த வசதிகள் பல வழியில் கிடைக்கவில்லை. பலரும் மனக்கசப்போடு திரும்பினர். அதே ஆண்டில் குக் கடன் அடைக்க இயலாமல் திவாலானார். நாற்பது வயதை எட்டாத நிலையில் எல்லாவற்றையும் மீண்டும் தொடங்க வேண்டியவரானார்.

சிறு தொகையில் சேர்ந்த பெரும் கூட்டம்

அவர் மீண்டெழுந்த விதம் கவனிக்கத்தக்கது. 1851இல் இலண்டன் ஹைடு பூங்காவில் மாபெரும் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அதைக் காண வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஆவல் இருந்தது. ஆனால் ஒரே தவணையில் செலவழிக்கப் பணம் இல்லை. குக்கும் அவருடைய மகன் ஜான் மேசன் குக்கும் தொழிலாளர்கள் வாரந்தோறும் சிறு தொகை செலுத்திச் சேமிக்கும் குழுக்களை ஊக்குவித்தனர். அப்போது ஜானுக்கு வயது 17. அக்கண்காட்சிக்கு அவர்கள் அழைத்துச் சென்றோர் 1,50,000 பேருக்கு மேல் என்பர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது, குக் வசதி படைத்தோரைத் தேடிச் செல்லவில்லை என்பதே. இருக்கும் வாடிக்கையாளரின் சக்திக்கு ஏற்பச் செலுத்தும் முறையை மாற்றினார். ஒருமுறை செலுத்த முடியாதவன் இருபது முறை செலுத்த முடியும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஒரே வாசலை நம்பிய ஆபத்து

அடுத்த பத்தாண்டுகளில் ஸ்காட்லாந்துக் கோடைப் பயணங்களே அவருடைய வருமானத்தின் முதுகெலும்பாக விளங்கின. ஆனால் 1860களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்து இரயில் நிறுவனங்கள், அவர் வழியாகக் குறைந்த கட்டணச் சீட்டு வழங்குவதை நிறுத்திக் கொண்டன. அந்த வாடிக்கையாளர்களைத் தாமே நேரடியாகப் பெற்றுக் கொள்ளலாம் என அவை எண்ணின. ஆண்டுக்கணக்கில் வளர்த்த தொழில் பிறருடைய ஒரு முடிவால் ஆட்டம் கண்டது.

சேவைத் தொழில் செய்வோர் அனைவருக்கும் இந்த இடம் பழக்கமானது. ஒரே பெரிய வாடிக்கையாளரையோ, ஒரே ஒப்பந்தத்தையோ நம்பியிருப்பவரின் வருமானம் எவ்வளவு பெரிதாயினும் அது அவருடையதன்று. அடுத்தவர் கையில் உள்ளது.

குக் முடங்கிவிடவில்லை. 1863இல் சுவிட்சர்லாந்துக்கும், அதையடுத்து இத்தாலிக்கும் பயணக் குழுக்களை அழைத்துச் சென்றார். 1865இல் இலண்டன் ஃபிளீட் தெருவில் அலுவலகம் திறந்தார். அங்கே சீட்டுகளோடு வழிகாட்டி நூல்களும் பயணப் பைகளும் விற்கப்பட்டன. ஆயினும் பருவச் சிக்கல் தீரவில்லை. ஐரோப்பியப் பயணங்களும் கோடையை நம்பியவையே. குளிர்காலத்தில் அலுவலக வாடகையும் ஊழியர் சம்பளமும் எங்கிருந்து வரும்?

அதற்கு விடையாக அமைந்தது எகிப்து. 1869ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குக் எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் முதல் குழுவை அழைத்துச் சென்றார். அவ்வாண்டு நவம்பரில் சூயஸ் கால்வாயும் திறக்கப்பட்டது. ஐரோப்பா பனியில் உறையும் மாதங்களே நைல் நதிப் பயணத்துக்கு ஏற்ற மாதங்கள். 1870இல் நைல் நதி நீராவிப் படகுகளில் பயணிகளை ஏற்றும் முகமை உரிமையை எகிப்து அரசிடமிருந்து ஜான் பெற்றார். ஆக, கோடையில் ஆல்ப்ஸ் மலை, குளிர்காலத்தில் நைல் நதி என ஆண்டு முழுவதும் வேலை அமைந்தது. புதிய தொழில் எதையும் அவர்கள் தொடங்கவில்லை. தெரிந்த தொழிலையே, வேலையற்ற மாதங்களுக்கும் பொருந்துமாறு வேறோர் இடத்தில் செய்தனர்.

ஒரு துண்டுச் சீட்டின் மதிப்பு

1868இல் குக் விடுதிச் சீட்டு முறையை அறிமுகப்படுத்தினார். பயணி புறப்படும் முன்பே பணத்தைச் செலுத்திச் சீட்டுகளைப் பெற்றுக் கொள்வார். வெளிநாட்டு விடுதியில் பணத்துக்குப் பதிலாகச் சீட்டைக் கொடுப்பார். விடுதிக்காரர் அச்சீட்டை குக் அலுவலகத்துக்கு அனுப்பித் தமக்குரிய தொகையைப் பெற்றுக் கொள்வார். 1874இல் இதே அடிப்படையில் சுற்றுப் பணச் சீட்டு வந்தது. அதைக் காட்டி வெளிநாடுகளில் அந்நாட்டுப் பணத்தைப் பெறலாம். பிற்காலத்துப் பயணிகள் காசோலைக்கு அதுவே முன்னோடி.

இதனால் மூன்று தரப்பினரும் பயன் பெற்றனர். பயணிக்கு அயல்நாட்டில் ஏமாற்றப்படும் அச்சம் நீங்கியது. விடுதிக்காரருக்கு வாடிக்கையாளர் உறுதியானார். குக்குக்கு ஒவ்வொரு சீட்டிலும் கழிவுத் தொகை கிடைத்தது. குழுவை நேரில் அழைத்துச் சென்றால்தான் வருமானம் என்ற நிலை மாறி, அவர் உறங்கும்போதும் எங்கோ ஒரு விடுதியில் அவருடைய சீட்டு செல்லுபடியாகிக் கொண்டிருந்தது.

சேவைத் தொழில் பெருகுவதற்கான திறவுகோல் இதுவே எனலாம். உரிமையாளரின் உடலுழைப்பு மட்டுமே வருமானம் தரும் வரை, அவர் நோயுற்ற நாளில் வருமானமும் நோயுறும். அவருடைய பெயர் மீதுள்ள நம்பிக்கை வருமானம் தரத் தொடங்கும்போதுதான் தொழில் அவரைத் தாண்டி வளரும்.

1872ஆம் ஆண்டு தாமஸ் குக் சிறு குழுவொன்றுடன் உலகைச் சுற்றப் புறப்பட்டார். அமெரிக்கா, ஜப்பான், சீனா, சிங்கப்பூர், இலங்கை, இந்தியா, எகிப்து எனச் சென்ற அப்பயணம் 222 நாள்கள் நீடித்தது. தந்தைக்குப் பயணம் ஒரு பொதுத்தொண்டு. மகனுக்கோ கணக்கே முதன்மை. இருவருக்கும் இடையே கருத்து வேறுபாடு முற்றி, 1870களின் இறுதியில் தந்தை ஒதுங்கினார். மகனின் கண்டிப்பான நிர்வாகத்தில் நிறுவனம் பன்மடங்கு பெருகியது. 1890ஆம் ஆண்டில் மட்டும் 32 இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் விற்கப்பட்டன. தாமஸ் குக் 1892இல் காலமானார்.

ஹஜ் பயணத்தில் கண்ட தோல்வி

இந்தியாவில் இந்நிறுவனம் 1881இல் பம்பாயில் கால்பதித்தது. அக்காலத்தில் ஹஜ் பயணிகள் பட்ட துன்பங்கள் சொல்லி மாளாதவை. நீராவிக் கப்பல்கள் வந்தபின் பயணிகள் தொகை பெருகியது; ஆனால் வசதி பெருகவில்லை. துறைமுகத் தரகர்கள் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றினர். 1880ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சிங்கப்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் சுமார் ஆயிரம் ஹஜ் பயணிகளுடன் சென்ற 'ஜித்தா' என்னும் கப்பல் புயலில் பழுதுற்றது. அப்போது அதன் ஐரோப்பியத் தலைவனும் அதிகாரிகளும் பயணிகளைக் கைவிட்டுத் தப்பினர். கப்பல் மூழ்கிவிட்டதாகவும் கூறினர். ஆனால் வேறொரு கப்பல் அதை இழுத்து ஏடன் துறைமுகம் சேர்த்தது. பயணிகள் உயிரோடு வந்து சேர்ந்ததைக் கண்டு உலகமே அதிர்ந்தது. ஜோசப் கான்ராட் 1900இல் வெளியிட்ட 'லார்ட் ஜிம்' புதினத்துக்கு இந்நிகழ்ச்சியே மூலமாயிற்று.

போகும் கட்டணத்துக்கு மட்டுமே பணம் வைத்திருந்த ஏழைப் பயணிகள் பலர் திரும்ப வழியின்றி ஜித்தாவில் சிக்கித் தவித்ததும் பெரும் பிரச்சினையாக இருந்தது. இந்நிலையில் 1886இல் இந்திய அரசாங்கம் ஹஜ் பயண ஏற்பாட்டை தாமஸ் குக் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. இந்திய இரயில் நிலையத்திலிருந்து ஜித்தா வரை சென்று திரும்ப ஒரே சீட்டு, முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட கட்டணம், சோதிக்கப்பட்ட கப்பல். திட்டம் சிறப்பானதே. உலகெங்கும் வென்ற முறையை அப்படியே இங்கும் கொண்டு வந்தனர்.

ஆனால் அது வெற்றி பெறவில்லை. நைல் நதியில் போலக் கப்பல்கள் இங்கே அவர்கள் கையில் இல்லை. பிறரிடம் வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது. கப்பல் முதலாளிகளும் பம்பாய்த் தரகர்களும் கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டனர். ஏழைப் பயணிகளோ போக வரச் சீட்டுக்கு முன்பணம் கட்ட இயலாமல், மலிவான ஒருவழிச் சீட்டையே நாடினர். கமரான் தீவின் தனிமைப்படுத்தல் முகாமில் எத்தனை நாள் தங்க நேரும் என்பதும், ஜித்தாவில் என்ன நேரும் என்பதும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லை. செலவு வருமானத்தை மிஞ்சியது. 1893இல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

அதே வேளையில், 1877இல் பம்பாயில் தொடங்கப்பட்டு, சொந்தக் கப்பல்களைக் கொண்டிருந்த பாம்பே அண்டு பெர்ஷியா நீராவிக் கப்பல் நிறுவனம் இத்துறையில் நிலைத்து நின்றது. அதுவே பின்னர் 'முகல் லைன்' எனப் பெயர் பெற்றது. நம் மூத்த ஹாஜிகள் பலர் பம்பாயிலிருந்து அதன் கப்பல்களில் சென்றவர்களே. இந்தியாவிலிருந்து கப்பல் வழி ஹஜ் பயணம் 1995இல் நின்றது.

உலகப் புகழ் பெற்ற நிறுவனம் ஏன் தோற்றது? தன் கையில் இல்லாதவற்றுக்கெல்லாம் அது வாக்களித்தது. இன்று உம்ரா குழு நடத்தும் நம் சகோதரர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். விமானக் கட்டணமும் விசா விதியும் அறை வாடகையும் நாம் தீர்மானிப்பவை அல்ல. அவை உறுதியாகும் முன்னரே, போட்டிக்காகக் குறைந்த தொகையை அறிவித்து முன்பணம் பெறுவது எத்தகைய இக்கட்டில் கொண்டு போய் நிறுத்தும் என்பதை 130 ஆண்டுகளுக்கு முந்தைய இந்த வரலாறு காட்டுகிறது.

178 ஆண்டுக் கட்டடம் சரிந்த நாள்

1928இல் குக்கின் பேரர்கள் நிறுவனத்தை விற்றனர். அதன்பின் அது பல கைகள் மாறியது. 1948 முதல் 1972 வரை பிரிட்டிஷ் அரசின் உடைமையாகவும் இருந்தது. 2007இல் மற்றொரு பெரிய பயண நிறுவனத்துடன் இணைக்கப்பட்ட பின்னர் கடன் சுமை ஏறிக்கொண்டே சென்றது. 2019இல் அக்கடன் சுமார் 170 கோடி பவுண்டு. வட்டியை மட்டும் செலுத்தவே ஆண்டுக்கு 30 இலட்சம் சுற்றுலாக்களை விற்க வேண்டியிருந்தது என அப்போது கணக்கிட்டனர்.

சுற்றுலாத் தொழிலில் வாடிக்கையாளர் முன்கூட்டியே பணம் தருகிறார். விடுதிக்கும் பிறருக்கும் பின்னரே பணம் தரப்படுகிறது. இடைப்பட்ட காலத்தில் கையில் உள்ள பணம் பெரிதாகத் தோன்றும். ஆனால் அதில் தனக்குரியது சிறு பகுதியே. அந்த வேறுபாட்டை மறந்தால், அடுத்த பருவத்து வாடிக்கையாளரின் பணத்தைக் கொண்டு இந்தப் பருவத்துக் கடனை அடைக்கும் நிலை வரும். புதிய பணம் வருவது தாமதமான ஒரு நாளில் அனைத்தும் நின்றுவிடும்.

2019 செப்டம்பர் 23ஆம் நாள் அதுவே நிகழ்ந்தது. நிறுவனம் மூடப்பட்டபோது அதன் வழியாகப் பயணம் சென்றிருந்த சுமார் 6 இலட்சம் பேர் உலகின் பல பகுதிகளில் இருந்தனர். அவர்களுள் பிரிட்டனைச் சேர்ந்த சுமார் 1,50,000 பேரை அந்நாட்டு அரசு தனி விமானங்களை அமர்த்தித் திருப்பி அழைத்து வர நேர்ந்தது. சுமார் 21,000 ஊழியர்கள் வேலை இழந்தனர். இந்தியாவில் அப்பெயரில் இயங்கும் நிறுவனம் 2012இலேயே வேறு உரிமையாளரிடம் சென்றுவிட்டதால் பாதிக்கப்படவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து நம் சேவைத் தொழிலாளர்கள் எடுத்துச் செல்லத்தக்கவை சில உண்டு. முதலாவது, வேலையற்ற மாதங்களை விதியென்று விட்டுவிடக் கூடாது. குளிர்சாதனம் பழுது பார்ப்பவர், கெட்டுப்போன பின் அழைக்கும் வாடிக்கையாளரையே நம்பாமல், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் செய்து கொண்டு, மழைக்காலத்தில் சுத்தம் செய்யும் வேலையை வைத்துக் கொள்ளலாம். திருமண விருந்தை நம்பும் பண்டாரி, மற்ற மாதங்களில் அலுவலகங்களுக்கும் விடுதிகளுக்கும் மாதக் கணக்கில் உணவு தரலாம். கோடைக்கு ஆல்ப்ஸ், குளிருக்கு நைல் என்பதன் பொருள் இதுவே.

இரண்டாவது, வருமானத்தின் பெரும்பகுதியை ஒரே இடத்திலிருந்து பெறுபவர் அதைத் தம் பலமென்று கருதாமல், இரண்டாவது வாசலை இன்றே தேட வேண்டும். மூன்றாவது, சொன்ன விலை, சொன்ன நேரம், சொன்ன தரம் ஆகிய மூன்றையும் எழுத்தில் கொடுத்து அதன்படி நடக்க வேண்டும். அதிக விலை கேட்கும் தகுதி அதனால்தான் வருகிறது.

நான்காவதே முதன்மையானது. முன்பணமாக வாங்கிய தொகை நம் வருமானமன்று. வேலையை முடித்துக் கொடுக்கும் வரை அது நம்மிடம் உள்ள அமானிதம். அதற்கெனத் தனி வங்கிக் கணக்கு ஒன்றும், தனிப் பதிவேடு ஒன்றும் வைத்துக் கொள்வதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. வேலை முடிந்த நாளில் மட்டும் நமக்குரியதை அதிலிருந்து எடுத்துக் கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால், மாதந்தோறும் வீட்டுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதும் தானே தெளிவாகிவிடும்.

ஒரு ஷில்லிங் கட்டணத்தில் தொடங்கிய தொழிலை உலகெங்கும் கொண்டு சென்றது, வெளியூர் விடுதிக்காரர் தயக்கமின்றி வாங்கிக் கொண்ட துண்டுச் சீட்டு. அச்சீட்டுக்குப் பின்னால் பணம் இருக்கிறது என்று அவர் நம்பினார். கேட்டபோது பணம் இருந்தது. 2019இல் கேட்டபோது இல்லை. நம் தொழில்கள் சிறியவையே ஆயினும், நம்மை நம்பி முன்பணம் கொடுத்துவிட்டுச் செல்பவர் நம் தெருவில் வாழ்பவர். நாள்தோறும் நம்மோடு ஒரே வரிசையில் நிற்பவர். அவர் கேட்கும்போது அது இருக்க வேண்டும்.